சென்னைப் புத்தகமும் தருமபுரித் தண்ணீரும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே சிக்கல் உள்ள மற்றவர்களுக்கும் பயன்படட்டும். சென்னையில் வளர்ந்து, திருமணமாகித் தருமபுரிக்கு வந்திருக்கிறீர்கள். சமையலில் ஆர்வம் அதிகம். அம்மா கொடுத்தனுப்பிய சமையல் புத்தகங்கள் கையில் இருக்கின்றன. ஆனால் இங்கே வந்தபிறகு துவரம்பருப்பு குழைவதில்லை, ரசம் சப்பென்று இருக்கிறது, புதிதாகக் கற்றுக்கொண்ட ராகிக் களி கட்டி கட்டியாக வருகிறது. இன்னும் நல்ல புத்தகம் எதை வாங்கலாம், அளவே பார்க்காமல் சமைக்கும் உங்கள் அத்தையின் குழம்பு வகைகளை எப்படி எழுதிவைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

புதிய புத்தகம் வாங்குவதைக் கொஞ்ச நாள் ஒத்திப்போடுங்கள் என்பதுதான் என் முதல் பதில். உங்களிடம் இருப்பவை நல்ல புத்தகங்கள்தாம். உங்கள் கைப்பக்குவத்திலும் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. சமையல் குறிப்பு என்பது ஒருவர் தம் வீட்டுத் தண்ணீரில், தம் ஊர்க் கடைச் சாமானை வைத்து, தம் பாத்திரத்தில் செய்து பார்த்ததன் பதிவு. ஊர் மாறும்போது அதிலுள்ள விகிதமும் வேலையின் வரிசையும் நம்மோடு வந்துவிடும். எண்ணிக்கையும் நேரமும் வராது. 'மூன்று தக்காளி', 'நான்கு விசில்', 'எலுமிச்சை அளவு புளி' ஆகிய மூன்று சொற்களைத் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற இந்த இரண்டு மாவட்டங்களில் அப்படியே நம்பக்கூடாது. நான்காவதாக ஒன்று உண்டு, அதைப் புத்தகம் வாய் திறந்தே சொல்லாது: தண்ணீர். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் புழக்கத்தில் இருக்கிறது. அது கடினநீர். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது கால்சியமும் மெக்னீசியமும் விட்டுச்செல்லும் படிவு. பருப்பின் செல்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். நல்ல தண்ணீரில் வெந்தால் அது கரைந்து பருப்பு மலர்ந்துவிடும். கடினநீரில் உள்ள கால்சியம் அந்தப் பெக்டினைப் பிடித்து இறுக்கிவிடுகிறது. அதனால்தான் எத்தனை விசில் விட்டாலும் பருப்பு முழுசு முழுசாக நிற்கிறது. பருப்பு பழசு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே குக்கருக்குள் இரண்டு சிறு கிண்ணங்கள் வையுங்கள். இரண்டிலும் ஒரே அளவு பருப்பு. ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றொன்றில் ஆர்.ஓ. கருவியில் வடிகட்டிய தண்ணீர் அல்லது கேன் தண்ணீர். திறந்து பார்த்தால் யார் மீது குற்றம் என்று தெரிந்துவிடும்.

தண்ணீர்தான் காரணம் என்றால் தீர்வு எளிது. உங்கள் தெருவுக்கு ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது என்றால் பருப்புக்கும் அரிசிக்கும் அதையே எடுத்து வையுங்கள். காவிரியிலிருந்து வரும் அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 இல் செயல்பாட்டுக்கு வந்தது. அதற்கு முக்கியக் காரணம் இந்தப் பகுதியின் நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளூரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு இருக்கும் தண்ணீரைக் குடிக்கக்கூடாது என்பது இந்தியத் தரநிலை. கொதிக்கவைத்தால் ஃபுளூரைடு போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஆகவே சமையலுக்கு எந்தத் தண்ணீர் என்பது இங்கே ருசியோடு முடிந்துவிடும் விஷயமாக இல்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் தயவுசெய்து அசட்டையாக இருக்காதீர்கள்.

நல்ல தண்ணீர் குறைவாகக் கிடைக்கும் நாட்களில், முழுப் பயறு வகைகளை உப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள். கொள்ளு, மொச்சை, தட்டைப்பயறு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 1 லிட்டர் தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி தூள் உப்புப் போட்டு இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அலசி வேகவைக்க வேண்டும். உப்பிலுள்ள சோடியம் தோலில் இருக்கும் கால்சியத்தை விலக்கி அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வதால் தோல் மிருதுவாகிறது. சோடா உப்புப் போட்டால் இன்னும் வேகமாகக் குழையும் என்பது உண்மை. ஆனால் ஒரு சிட்டிகை கூடிவிட்டால் சவர்க்கார வாடை வரும், தயமின் என்ற உயிர்ச்சத்தும் அழியும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இன்னொன்று: புளிக்கரைசலும் தக்காளியும் பருப்பு நன்றாகக் குழைந்தபிறகே சேர வேண்டும். புளிப்புச் சேர்ந்தாலும் பெக்டின் கரையாது. எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போடச் சொல்லும் குறிப்புகள் மென்மையான தண்ணீர் உள்ள ஊர்களில் பிழைத்துக்கொள்ளும். இங்கே காலை வாரும்.

அடுத்து ரசம். அது சப்பென்று இருப்பதற்குத் தக்காளிதான் காரணம் என்று சொல்வேன். பாலக்கோடும் ராயக்கோட்டையும் தக்காளிக்குப் பேர்போன சந்தைகள். அங்கிருந்து லாரியில் ஏறுபவை பெரும்பாலும் ஒட்டுரகத் தக்காளிகள். தூரப் பயணத்தில் நசுங்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகத் தோல் தடிப்பாக, சதை கெட்டியாக, புளிப்புக் குறைவாக இருப்பவை. பழைய புத்தகங்கள் எழுதப்பட்ட காலத்தில் தக்காளி என்றால் நாட்டுத் தக்காளி: உருவில் சிறியது, தோல் மெல்லியது, கையில் எடுத்தாலே சாறு ஒழுகும், நல்ல புளிப்பு. அந்த மூன்று தக்காளிக்குப் பதில் இந்த மூன்று தக்காளியைப் போட்டால் ரசத்தில் சதை கூடிப் புளிப்புக் குறைந்துவிடும். உழவர் சந்தையில் நாட்டுத் தக்காளி கண்ணில் பட்டால் ரசத்துக்கென்று தனியாக வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒட்டுரகத்தில் ஒன்றைக் குறைத்து, புளியைக் கொஞ்சம் கூட்டுங்கள். தொக்குக்கும் கிரேவிக்கும் ஒட்டுரகமே மேல். தண்ணீர் குறைவாக இருப்பதால் சீக்கிரம் சுருளும். விலை விழுந்து விவசாயிகள் வயிறு எரியும் நாட்களில் கூடையாக வாங்கித் தொக்கு போட்டுவையுங்கள். 1 கிலோ தக்காளிக்கு 30 கிராம் உப்பு, நெல்லிக்காய் அளவு புளி, காரத்துக்கு ஏற்ப மிளகாய்த்தூள், 150 மில்லி நல்லெண்ணெய். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை சுருள வதக்கி ஆறவைத்து, ஈரமில்லாத பாட்டிலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பல வாரங்கள் தாங்கும்.

புளி விஷயத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர். இந்த இரண்டு மாவட்டங்களும் தமிழ்நாட்டில் புளிக்குப் பெயர் போனவை. தேன்கனிக்கோட்டைப் பக்கத்து உரிகம் ஊரின் பெயரிலேயே நீளமான காய் காய்க்கும் ஒரு புளி ரகம் உண்டு. மாசி, பங்குனியில் கிராமத்துத் திண்ணைகளில் பெண்கள் உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டிக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள். அப்போது வருவது புதுப்புளி. இளஞ்சிவப்பாக, சற்று இனிப்பும் கலந்து இருக்கும். வெப்பமும் காற்றும் பட நாளாக ஆக அது கறுத்துப் பழம்புளி ஆகிறது. ரசத்துக்கும் புளியோதரைக்கும் எந்தப் புளி என்று வீட்டுக்கு வீடு வாதம் நடக்கும். என் கணக்கு இதுதான்: நிறம் தெரிய வேண்டிய ரசத்துக்கும் பச்சடிக்கும் புதுப்புளி, வத்தக்குழம்புக்கும் மீன் குழம்புக்கும் பழம்புளி. 'எலுமிச்சை அளவு' என்று எழுதியிருந்தால் 25 கிராம் என்று எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். ஒரு வருடத்துக்கான புளியை மொத்தமாக வாங்கி, கல் உப்புத் தூவி அழுத்தி ஜாடியில் அடைத்துவிட்டால், அந்த ஆண்டு முழுவதும் உங்கள் புளியின் குணம் ஒன்றாகவே இருக்கும். குறிப்பில் எழுதும் அளவுக்கும் அப்போதுதான் அர்த்தம் வரும்.

அளவுகளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. உங்கள் அம்மா கொடுத்ததில் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதன் முதல் பாகம் 1951 இல் வந்தது. மெட்ரிக் அளவைக்கான சட்டம் 1956 இல் நிறைவேறி, 1958 அக்டோபர் முதல்தான் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதனால் அந்தக் காலத்துக் குறிப்புகள் ஆழாக்கிலும் பலத்திலும் பேசுகின்றன. 8 ஆழாக்கு 1 படி. 1 பலம் ஏறத்தாழ 35 கிராம். படி ஊருக்கு ஊர் வேறுபட்டதால் ஆழாக்கை மில்லிலிட்டராக மாற்றப் போராடாதீர்கள். அரிசி 1 ஆழாக்கு, பருப்பு அரை ஆழாக்கு என்றால் அது ஒன்றுக்குப் பாதி என்ற விகிதம். உங்கள் வீட்டு டம்ளரையே ஆழாக்காக வைத்துக்கொண்டால் போதும். பலத்தில் சொன்னதை மட்டும் நிறுத்துப் போடுங்கள். அந்தப் புத்தகம் இத்தனை ஆண்டு நிலைத்ததற்குக் காரணம் அதன் ஒழுங்கு: எத்தனை பேருக்கு, எதற்குப் பிறகு எது என்று ஒன்றையும் விடாமல் சொல்லும். ஆனால் அது சைவ அந்தணர் வீட்டுச் சமையல். கறிக்குழம்பையும் களியையும் அதில் தேட வேண்டாம்.

புதிய புத்தகங்களில் வரும் 'கப்' இதைவிடப் பெரிய தொல்லை. ஒருவருக்கு 200 மில்லி, இன்னொருவருக்கு 240, வேறொருவருக்கு 250. புத்தகத்தின் முன்பக்கத்தில் தம் கப் எவ்வளவு என்று எழுதாத ஆசிரியரை நான் பாதிதான் நம்புவேன். ஒரு சிறிய மின்னணு எடைத்தராசு வாங்கிவிடுங்கள். ஒரு சமையல் புத்தகத்தின் விலையைவிடக் கொஞ்சம்தான் கூட ஆகும். 200 மில்லி டம்ளரில் தலைதட்டி எடுத்தால் அரிசி சுமார் 165 கிராம் வரும். ராகி மாவு சுமார் 120 கிராம்தான் வரும். ஒரே டம்ளர், இரண்டு எடை. மாங்காய்க்கு இது இன்னும் கண்கூடு. 'மாங்காய் 2' என்று ஊறுகாய்க் குறிப்பில் போட்டிருக்கும். கிருஷ்ணகிரிச் சந்தையில் நீங்கள் வாங்கும் கிளிமூக்கு மாங்காய் ஒன்றே அரைக் கிலோ நிற்கும். நாட்டு மாங்காய் நான்கு சேர்ந்தால்தான் அந்த எடை. பெங்களூரா, தோத்தாபுரி என்றெல்லாம் சொல்லப்படும் அந்தக் கிளிமூக்கு, கூழ் ஆலைகளுக்குப் போகிற ரகம். காயாக இருக்கும்போது பச்சடிக்கும் உடனடி ஊறுகாய்க்கும் மிக நன்றாக இருக்கும். ஆண்டு முழுவதும் வைக்கும் ஊறுகாய்க்குப் புளிப்பும் நாரும் உள்ள நாட்டுக் காயே சரி.

விசில் கணக்கைத் தூக்கிப்போடுங்கள். ஒரு குக்கர் இரண்டு நிமிடத்துக்கு ஒரு விசில் அடிக்கும், இன்னொன்று நான்கு நிமிடத்துக்கு ஒன்று. தீ கூடினால் எல்லாக் கணக்கும் மாறும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து நிமிடம் எண்ணுங்கள். குழம்புப் பருப்புக்கு 10 நிமிடம், ஊறிய கொள்ளுக்கு 20 நிமிடம் என்று உங்கள் குக்கருக்கு ஒரு முறை கண்டுபிடித்துவிட்டால் அது எப்போதும் செல்லும். நாட்டுக்கோழிக்குப் புத்தகத்து நேரம் போதவே போதாது. பெரும்பாலான குறிப்புகள் பிராய்லர் கோழியை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. ஓசூரில் இருக்கும் உங்கள் நாத்தனார் வீட்டில் மாவு புளிப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். மார்கழி, தை இரவுகளில் அங்கே இட்லி மாவு பொங்க 14 மணி நேரம்கூட ஆகலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத்து, கையால் கலந்து, மூடிய பாத்திரத்தை அடுப்பு அணைந்த மேடை ஓரத்தில் வைக்கச் சொல்லுங்கள். மணியைப் பார்க்காமல் மாவு இரட்டிப்பானதா என்று பார்த்தால் போதும்.

இனி களி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த பொதுவான சமையல் புத்தகங்களில் இது நான்கு வரியில் முடிந்துவிடுகிறது. 'கட்டி தட்டாமல் கிளறவும்' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். கட்டி ஏன் தட்டுகிறது என்று தெரிந்தால்தான் தட்டாமல் கிளற முடியும். கொதிக்கும் தண்ணீர் பட்டவுடன் மாவு உருண்டையின் மேற்பரப்பில் உள்ள மாவுச்சத்து உப்பிப் பசையாகிவிடும். அந்தப் பசை ஓர் உறைபோல மூடிக்கொள்வதால் உள்ளே ஈரம் போகாது. உலர்ந்த மாவு அப்படியே சிறைப்படும். ஆகவே மாவைப் போட்டவுடன் கிளறுவதுதான் தவறு. ஆவியில் மாவு உள்ளுக்குள் வெந்து முடியும்வரை கரண்டியைத் தொடக்கூடாது.

நான்கு பேருக்கு 2 டம்ளர் ராகி மாவு, அரை டம்ளர் நொய்யரிசி, ஐந்தரை டம்ளர் தண்ணீர். அடி கனமான, உயரமான பாத்திரமாக இருக்கட்டும். தண்ணீர் கொதித்ததும் கழுவிய நொய்யைப் போட்டு, உப்புச் சேர்த்து, நொய் மலரும்வரை வேகவிடுங்கள். மாவிலிருந்து ஒரு மேசைக்கரண்டி எடுத்துக் கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்து முதலில் ஊற்றுங்கள். உலை லேசாகக் கஞ்சிபோல் ஆகும், கட்டி விழும் வாய்ப்புப் பாதியாகக் குறையும். பிறகு மீதி மாவு முழுவதையும் நடுவில் குவியலாகக் கொட்டிவிட்டு, துடுப்பின் காம்பால் குவியலின் நடுவே அடிவரை ஒரு துளை போடுங்கள். அந்தத் துளை வழியாக உலை குமிழிட்டு மேலே வரும். தீயைக் குறைத்து மூடி, 8 முதல் 10 நிமிடம் விட்டுவிடுங்கள். மாவின் மேற்பரப்பில் நிறம் கருத்து, ஈரம் ஏறி, வெடிப்பு விட்டிருக்கும். இப்போது மேலே நிற்கும் கஞ்சித் தண்ணீரில் ஒரு கரண்டியைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, பாத்திரத்தைக் கீழே இறக்கி அசையாமல் பிடித்து, துடுப்பால் ஓரத்திலிருந்து நடுவுக்கு அழுத்திக் கிண்டுங்கள். கைக்கு வலி தெரிய வேண்டும். இறுகினால் எடுத்து வைத்த கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். திரும்பவும் மிகச் சிறிய தீயில் மூடி 5 நிமிடம். ஈரக் கையால் தொட்டுப் பார்த்தால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். தண்ணீர் தொட்ட தட்டில் கொட்டிச் சூடு ஆறுவதற்குள் உருட்டுங்கள். ஆறினால் உருண்டையில் விரிசல் விழும்.

மாவைப் பற்றி இரண்டு சொல். மில்லில் அரைத்த மாவு ஒரு மாதம் தாண்டினால் சிக்கு வாடையும் கசப்பும் வரும், ஏனென்றால் ராகியில் தவிடும் முளையும் தானியத்தோடு சேர்ந்தே அரைபடுகின்றன. இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய துணியில் சலிக்கவும் வேண்டாம். 100 கிராம் ராகியில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதில் பெரும்பங்கு தோலில்தான் இருக்கிறது. சலித்துத் தவிட்டைக் கொட்டினால் எதற்காக ராகி சாப்பிடுகிறோமோ அதையே கொட்டியதாகிவிடும்.

களிக்குத் தொட்டுக்கொள்ள என்ன என்பதில் இந்த ஊர்களின் உண்மையான கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. கொள்ளை வேகவைத்து, அந்த நீரை வடித்து ரசம் வைத்துவிட்டு, கொள்ளை மண்சட்டியில் மத்தால் கடைந்து பூண்டும் சீரகமும் தாளித்தால் கடைசல். ஒரு உலை, இரண்டு பதார்த்தம். ஓசூர், தளிப் பக்கம் கன்னடம் பேசும் வீடுகளில் கீரையையும் பருப்பையும் ஒன்றாக வேகவைத்து நீரை வடித்து, அதில் மிளகாயும் பூண்டும் தேங்காயும் அரைத்துவிட்டுச் சாறாக்கி, வடிந்ததைத் தாளித்துப் பொரியலாக்குவார்கள். பஸ்ஸாறு என்பது அதுதான். எரிபொருளும் தண்ணீரும் அருமையாக இருந்த காலத்தில் பிறந்த முறை இது. இப்படிப்பட்ட இரட்டைச் சமையலைப் புத்தகங்கள் தனித்தனிக் குறிப்புகளாகப் பிரித்து எழுதிவிடுவதால், இரண்டுக்கும் உள்ள உறவு அறுந்துபோகிறது. உங்கள் நோட்டில் எழுதும்போது இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.

பருவத்தையும் தவறவிடாதீர்கள். மார்கழி, தையில் அவரைக்கொட்டை வரும். இரவில் ஊறவைத்து, காலையில் விரலால் பிதுக்கினால் தோல் கழன்று பருப்பு வெளியே குதிக்கும், பிதுக்குப் பருப்பு. அதைத் தேங்காய், சோம்பு, பச்சைமிளகாய், கொத்தமல்லி அரைத்துவிட்டுக் குழம்பாக வைத்தால் களிக்கும் தோசைக்கும் அதற்கு ஈடு வேறு எனக்குத் தெரியாது. பிதுக்குவது பொறுமையான வேலை. வீட்டில் உள்ளவர்களையெல்லாம் உட்காரவையுங்கள். மசாலாவை அடக்கி வாசியுங்கள். பச்சைப் பருப்பின் மணத்தைக் கரம் மசாலா விழுங்கிவிடும்.

மீன் பற்றி ஒரே ஒரு குறிப்பு. சென்னைப் புத்தகத்தின் மீன் குழம்பு கடல் மீனுக்கு எழுதியது. இங்கே கிடைப்பது பெரும்பாலும் காவிரியிலும் அணைகளிலும் பிடிக்கும் கட்லா, ரோகு, ஜிலேபி, வாளை. அவற்றில் சில சமயம் ஒரு மண் வாடை இருக்கும். ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அதற்குக் காரணம். புளிப்பில் அது சிதைந்துவிடும். கல் உப்பும் மஞ்சளும் தேய்த்து அலசி, நீர்த்த புளிக்கரைசலில் 10 நிமிடம் ஊறவைத்துப் பிறகு சமையுங்கள். ஒகேனக்கல்லுக்குப் போனால் மீன் வாங்கிக் கொடுங்கள், அங்கேயே சமைத்துக் கொடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் நின்று மசாலா அரைப்பதையும் எண்ணெயின் சூட்டையும் கவனியுங்கள். ஆற்று மீன் சமையலில் அவர்களைவிடக் கைதேர்ந்த ஆசிரியர்கள் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்கள்.

உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அத்தையின் சமையலை எழுதிவைக்க வேண்டும் என்பது. இதை உடனே செய்யுங்கள். 'எவ்வளவு மிளகாய்த்தூள் அத்தை?' என்று கேட்காதீர்கள். கண்ணளவில் சமைப்பவர்களிடம் எண் கேட்டால், ஏதோ ஓர் எண்ணைச் சொல்லிச் சமாளிப்பார்கள். அது பொய்யளவாக இருக்கும். அவர் சமைக்கத் தொடங்கும் முன் மிளகாய்த்தூள் டப்பா, மல்லித்தூள் டப்பா, உப்பு ஜாடி, எண்ணெய்த் தூக்கு ஆகியவற்றை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். அவர் பாட்டுக்குச் சமைக்கட்டும். முடிந்ததும் திரும்ப நிறுத்தால் குறைந்த எடைதான் அவர் போட்டது. கையால் அள்ளிப் போட்டாலும் கணக்குத் தப்பாது. குழம்பு முடிந்தபின் பாத்திரத்தோடு நிறுத்து, பாத்திரத்தின் எடையைக் கழித்து, மொத்தக் குழம்பு எவ்வளவு என்றும் எழுதுங்கள். தண்ணீர் எவ்வளவு வற்றியது என்று அப்போது தெரியும்.

எடை ஒரு பக்கம். அவருடைய சொற்கள் இன்னொரு பக்கம். 'பச்சை வாசனை போனதும்', 'எண்ணெய் மேலே கக்கும்போது', 'நுரை கட்டி வரும்போது இறக்கு' என்று அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள், நிமிடமாக மாற்றாதீர்கள். அந்தச் சொற்களில்தான் பதம் இருக்கிறது. புளி எந்த மாதத்துப் புளி, மிளகாய் குண்டா நீளமா, கடலை எண்ணெய் செக்கில் ஆட்டியதா பாக்கெட்டா, மண்சட்டியா அலுமினியமா என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். பிறகு ஒரு நாள் அத்தையைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, உங்கள் நோட்டை மட்டும் பார்த்து அதே குழம்பை வைத்து அவருக்குப் பரிமாறுங்கள். அவர் என்ன குறை சொல்கிறாரோ, அதுதான் நோட்டில் விடுபட்ட வரி. அந்தக் குறிப்பு அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்பதையும் கேட்டு, தலைப்புக்குக் கீழே அந்தப் பாட்டியின் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி 2004 இல்தான் தனி மாவட்டமானது. ஆகவே அரூர்க் குழம்பா, பென்னாகரத்துக் குழம்பா என்று ஊர்ப் பெயரோடு எழுதினால்தான் நாளைக்கு வருபவர்களுக்கு அடையாளம் தெரியும்.

விசேஷச் சமையலுக்கான அளவைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். 5 பேர் குறிப்பை 20 ஆல் பெருக்கினால் 100 பேர் குறிப்பு வராது. அண்டாவில் ஒரு லிட்டருக்கு வற்றும் தண்ணீர் வீட்டுப் பாத்திரத்தைவிடக் குறைவு. பட்டை, கிராம்பு, மிளகாய் ஆகியவற்றை முழுக் கணக்கில் போட்டால் காரமும் மணமும் மிஞ்சிவிடும். அவற்றை முக்கால் பங்கில் தொடங்கி, ருசி பார்த்துக் கூட்டச் சொல்வார்கள் அனுபவப்பட்ட சமையல்காரர்கள்.

இத்தனைக்கும் பிறகு புத்தகம் வாங்கியே ஆக வேண்டும் என்று தோன்றினால், கடையில் நின்றபடியே ரசம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய ஒன்றை அவர் எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்த்தால் ஆசிரியரின் தரம் புரிந்துவிடும். உப்புக்கு 'தேவையான அளவு' என்று போட்டிருப்பது பரவாயில்லை, எல்லாரும் போடுகிறார்கள். புளிக்கும் தண்ணீருக்கும் அளவு இல்லை என்றால் அவர் எழுதுவதற்காக அந்த ரசத்தை வைத்துப் பார்க்கவில்லை என்று பொருள். படங்கள் எத்தனை என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பழைய புத்தகக் கடைகளில் மாத இதழ்களோடு இலவச இணைப்பாக வந்த '30 வகை' சிறு நூல்கள் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். வாசகிகள் எழுதியனுப்பிய வட்டாரக் குறிப்புகள் அவற்றில் ஒளிந்திருக்கும், மலிவாகவும் வரும். உலகச் சிறுதானிய ஆண்டான 2023 ஐ ஒட்டி வந்த சிறுதானியப் புத்தகங்களை மட்டும் நிறுத்தி நிதானித்து வாங்குங்கள். பலவற்றில் கோதுமைக் குறிப்பில் கோதுமையை எடுத்துவிட்டு ராகி என்று எழுதியிருக்கிறார்கள். ராகியில் குளூட்டன் கிடையாது, தானாகப் பிடித்துக்கொள்ளாது. ராகி ரொட்டிக் குறிப்பில் மாவை வெந்நீரில் பிசையச் சொல்கிறார்களா என்று பாருங்கள். சொல்லியிருந்தால் அந்தப் புத்தகத்தை வாங்கலாம்.